ஊஞ்சக்காட்டின் மக்கள்தொகை

ஜூலை 1, செவ்வாய்

மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் அயல்பணிக்குச் சேர்ந்தேன். பள்ளியில் என் வகுப்புகளை இனி உடற்கல்வி ஆசிரியர் எடுப்பாராம். "புவியியல்தானே சார், மேப்பை மாட்டிவிட்டால் போதும்" என்றார் தலைமையாசிரியை. அவர் என்னைவிட ஆறு வருடம் இளையவர். எம்.ஏ., எம்.பில். முடித்த எனக்கு அந்த நாற்காலி வரப் பதினொரு வருடமாக வழக்கு நடக்கிறது. ஆகஸ்டில் பதவி உயர்வுப் பட்டியல் வரும், அதில் என் பெயர் இருக்கும் என்று வக்கீல் சொல்கிறார். அவர் போன வருடமும் ஆகஸ்ட் என்றுதான் சொன்னார்.

மாவட்டக் கையேடு புதிதாக வருகிறது. முதல் அத்தியாயம், 'நில அமைப்பும் மக்கள்தொகையும்', என் பொறுப்பு. மாதிரிக்குப் பழைய கையேட்டைக் கொடுத்தார்கள். ஆறாம் பக்கத்தில், 'கடற்கரையின் நீளம்: 14 கி.மீ.' என்று இருக்கிறது. இங்கிருந்து கடல் பஸ்ஸில் ஏழு மணி நேரம்.

பிரிவு உதவியாளர் பூங்கோதையிடம் காட்டினேன். நாற்பத்தைந்து வயது இருக்கும், டிபன் பாக்ஸைத் திறந்தபடியே பதில் சொல்லுகிற பெண்.

"அது வேற மாவட்டத்து ஃபைலைத் தொறந்து பேரை மட்டும் மாத்துனதுங்க சார்."

"அஞ்சு வருஷமா ஒருத்தரும் கேட்கவில்லையா?"

"நமக்கும் ஒரு கடக்கரை இருக்குதுன்னு சந்தோசப்பட்டுட்டு உட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்க."

சிரிக்கிறாள். இதற்கும் ஒரு சிரிப்பு.

ஜூலை 4, வெள்ளி

கையேட்டின் தலைமைத் தொகுப்பாளர் யார் என்று இன்றுதான் சொன்னார்கள். பேராசிரியர் முனைவர் சபாபதி.

எம்.ஏ.யில் ஒரே அறையில் இருந்தவன். கல்லூரி விரிவுரையாளர் பணிக்கு இருவரும் நேர்காணலுக்குப் போனோம். மதிப்பெண்ணில் நான் முதல். வேலை அவனுக்கு. எனக்கு 'வருந்துகிறோம்' கடிதம். இருபத்து மூன்று வருடம் ஆகிறது. ஆகஸ்ட் 14, புதன்கிழமை, பூசாரியூர் டீக்கடை வாசலில் தபால்காரர் கையில் கொடுத்தார். கடையில் கறுத்துப்போன வாழைப்பழத் தார் ஒன்று தொங்கியது. ஈக்களைக்கூட எண்ணிச் சொல்லுவேன்.

பிறகு அவன் இதே மலை ஒன்றியத்தை ஆய்வு செய்து முனைவர் ஆனான். அரசுக் கணக்கெடுப்புக்காக அந்த மலையை எண்ணியவன் நான். மலைப்பகுதியின் பத்தொன்பது குக்கிராமங்களையும் வீடு வீடாக நடந்து எண்ணி, நிலைப்படியில் தாரால் எண் போட்டவன் நான். சிறந்த களப்பணிக்கு அன்றைய கலெக்டர் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ் இன்னும் என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. என் எண்களை வைத்துப் படம் வரைந்தவன் முனைவர். நான் மேப் மாட்டுகிறவன்.

ஜூலை 5, சனி

துணி துவைத்தேன். கலா எட்டு மாதமாகக் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்று போனாள். குழந்தை இப்போது நடக்கிறதாம், ஓடுகிறதாம். வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை, வா என்று நானும் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

ஒன்று சிக்கியது.

மலையடிவாரத்துப் பூசாரியூரில் நாற்பத்தெட்டு வீடுகள். கணக்கெடுப்பின்படி மக்கள் 219. ஆனால் ரேஷன் அட்டைகளில் உள்ள தலைகளைக் கூட்டினால் 431. ஊதிப் பெருக்கிய கணக்கு எல்லா ஊரிலும் உண்டு, இருபது முப்பது. இது இருநூற்றுப் பன்னிரண்டு. வாக்காளர் பட்டியலை வரவழைத்தேன். கதவு எண் 7-இல் மட்டும் நூற்று நாற்பத்து மூன்று வாக்காளர்கள்.

"அந்த ஊட்ல ஒரே ஒரு கெழவிதானுங்க இருக்குது" என்றாள் பூங்கோதை. அவள் அம்மா வீடு அந்தப் பக்கம். "மத்தவங்க பூராம் பள்ளத்துக்கு அக்கட்ட, ஊஞ்சக்காட்டு ஆளுங்க. அவிங்க ஊருக்குக் கதவு எண்ணே கெடையாது. அட்டை வேணுமின்னா ஏதாச்சும் ஒரு விலாசம் வேணுமில்லீங்க? அந்தக் கெழவி தந்துச்சு."

பதிவேட்டைத் திறந்தேன். 'ஊஞ்சக்காடு: மக்கள் வசிக்காத குக்கிராமம்.' மூன்று பதிப்புகளிலும் அதே வரி, பழையதைப் பார்த்து எழுதியது. சபாபதியின் ஆய்வேட்டு வரைபடத்தில் அந்த இடம் முழுக்கப் பச்சை. கானகம் என்று எழுதியிருக்கிறான். இருநூறு பேருக்கு மேல் பச்சையைப் பூசிவிட்டு முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறான்!

ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

சபாபதிக்குக் கடிதம் எழுதினேன். மரியாதையாகத்தான். 'தங்கள் ஆய்வேட்டில் ஒரு கிராமத்தையே காணவில்லை. பல்கலைக்கழகத்துக்கும் இதன் நகலை அனுப்பலாமா என்று யோசிக்கிறேன்' என்று முடித்தேன்.

ஜூலை 11, வெள்ளி

ஊஞ்சக்காட்டிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். ஈரம்மாள், அறுபது வயதுக்கு மேல். மஞ்சள் பையில் மனுக்கள். அத்தனையும் நகல், அத்தனையிலும் அலுவலக முத்திரை. மலைக் குக்கிராமங்களுக்கு நடைபாலம் கட்டும் பட்டியல் தயாராகிறது. இருநூறு பேருக்கு மேல் இருந்தால் பாலம். இம்மாதம் முப்பத்தொன்றுடன் பட்டியல் மூடிவிடும்.

"எங்கூர்ல ஆளே இல்லைன்னு போட்டிருக்குதாம். நானு ஆரு சாமி அப்ப?" என்று பூங்கோதையின் மேசையைத் தட்டினாள். "பேயா? பேய்க்கு எதுக்கு ஓட்டு?"

பிறகு உட்கார்ந்து, சத்தமில்லாமல் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன் அவள் புருஷன் அரசு ஆஸ்பத்திரியில் இறந்திருக்கிறான். வண்டியில், காட்டாறு ஓடும் அந்தப் பள்ளம் வரை கொண்டுவந்தார்கள். மலையில் மழை, காட்டாற்றில் வெள்ளம்.

"அவரு அக்கட்ட ஆலமரத்தடியில படுத்துக் கெடந்தாரு. நாங்க இக்கட்ட நின்னு பாத்துட்டே இருந்தோம். ஒரு பகலு ஒரு ராத்திரி. காக்கா ஓட்டறதுக்கு வண்டிக்காரரு மட்டும்தான். அந்தப் புண்ணியவான் பேருகூடத் தெரியலீங்க."

கணக்கைத் திருத்திவிடலாமே என்றேன். பூங்கோதை அலமாரியிலிருந்து ஒரு படிவம் எடுத்தாள்.

"சும்மா எண்ணை மாத்த முடியாதுங்க சார். முதல் தடவை தப்பு எப்படி வந்துது, ஆரால வந்துதுன்னு எழுதோணும். அவிங்க கையெழுத்தும் வேணும். தப்புக்கு ஆளில்லாட்டி ஆபீசுல அது தப்பே இல்லீங்க."

"அந்த ஆள் செத்திருந்தால்?"

"இறப்புச் சான்றிதழ் வெக்கோணும்."

இந்த நாட்டில் ஒரு பொய்யை எழுத ஒரு பேனா போதும். அழிக்கத்தான் இத்தனை காகிதம். எந்த மடையன் அந்த முதல் பூஜ்யத்தைப் போட்டானோ, பழைய களத்தாள்களைப் பதிவறையிலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 16, புதன்

பதிவறை. எலிப் புழுக்கையும் இற்றுப்போன நாடாவும். அந்த நாற்றம் இன்னும் சட்டையில் இருக்கிறது.

மலைப்பகுதிக் கட்டு கிடைத்தது. பதினெட்டு ஊர்த் தாள்கள் என் கையெழுத்தில். அழகான கையெழுத்து அந்நாளில். பத்தொன்பதாவது தாள் ஊஞ்சக்காடு. 'வீடுகள்: இல்லை. மக்கள்: இல்லை. தேதி: ஆகஸ்ட் 14.'

அதுவும் என் கையெழுத்துதான்.

அன்றைக்கு மழையாக இருந்திருக்கும். பள்ளத்தில் வெள்ளம் போயிருக்கும். அந்த மலைவாசிகள் ஊரோடு வேலைக்கு இறங்கிப் போகிற வழக்கமும் உண்டு. பார்க்க வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

வானிலைப் பதிவேடும் இதே அலுவலகத்தில்தான் இருக்கிறது. அந்த ஆகஸ்டில் ஒன்பதாம் தேதி முதல் பதினெட்டாம் தேதி வரை மழையளவு: 0.0.

தண்ணீர்க்குழாயில் தண்ணீர் வரவில்லை. பிளம்பரைக் கூப்பிட்டேன், வரவில்லை. எவனும் வருவதில்லை.

ஜூலை 19, சனி

மதியம் சபாபதி தொலைபேசினான். இருபது வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.

"ரங்கா, கடிதம் வந்துச்சுடா. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பறதுன்னா அனுப்பு. ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு சொல்றேன். நான் ஆய்வுக்கு ஊஞ்சக்காடு போயிருக்கேன்."

"போனாயா?"

"போனேன். நாப்பது வீட்டுக்கு மேல இருந்துச்சு. ஒரு வீட்டுல களி போட்டாங்க, சாப்பிட்டேன். திரும்பி வந்து உன் தாளைப் பாத்தேன். பூஜ்யம். ஊர் இருக்குதுன்னு நான் படத்துல போட்டா, போன வருஷம் எண்ணினது யாருன்னு கேப்பாங்க. உனக்கு அப்பத்தான் கல்யாணம் ஆகியிருந்துச்சு. வேலை போயிருக்கும்டா. பச்சையைப் பூசிட்டேன்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"தப்புதான். அந்த ஊருக்கு நானும் பண்ணின பாவம்தான். எனக்கு அடுத்த மார்ச்சுல ஓய்வு. உனக்கு இப்ப ஹெச்.எம். ஆர்டர் வரப்போகுதுன்னு கேள்விப்பட்டேன். இந்தப் பதிப்புலயும் பழைய வரியையே விட்டுடுவோம். நான் கையெழுத்துப் போடறேன். ரெண்டு வருஷத்துல புதுசா கணக்கெடுக்க வருவாங்க, அவங்க எண்ணிக்கட்டும். எந்நேரமும் யார்மேலயாவது கோவமா இருக்காதேடா. கலா எப்படி இருக்கா?"

வைத்துவிட்டேன்.

இருபத்து மூன்று வருடமாக நான் வெறுத்தவன், இருபத்து மூன்று வருடமாக என்னைக் காப்பாற்றியிருக்கிறான். அவன் போட்ட பிச்சையில் மாதாமாதம் சம்பளம் வாங்கி, அந்தச் சோற்றைத் தின்றபடியே அவனைத் திட்டியிருக்கிறேன். அவன் என்னை ஏமாற்றியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 22, செவ்வாய்

பூங்கோதை கேட்டாள்: "ஊஞ்சக்காட்டுத் தாள் கெடைச்சுதுங்களா சார்?"

தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அவள் இழுப்பறையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். வத்தல் குழம்பு இருக்கிறது, கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டாள்.

ஜூலை 24, வியாழன்

ஊஞ்சக்காட்டுக்குப் போய் வந்தேன். எண்ணிக்கை இருநூறைத் தாண்டாவிட்டால் பிரச்சினையே இல்லை, எப்படியும் பாலம் கிடைக்காது, தாளை வெளியே எடுக்கத் தேவையில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன். இந்தக் குறிப்பேட்டில் அதையாவது மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

ஒன்பது மணி பஸ்ஸில் பூசாரியூர். டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் நடை. பள்ளத்தில் தண்ணீர் முழங்காலளவு, தெளிவாக, கூழாங்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

அக்கரையில் ஆட்டுக்கு வேப்பங்குழை ஒடித்துக்கொண்டிருந்த ஈரம்மாள் பார்த்துவிட்டாள்.

"வாங்க சாமி! முட்டிக்கால் தண்ணிதான்! கல்லு போட்டு வச்சிருக்கறோம், அதுமேல கால வெய்யுங்க!"

பாதி வழியில் வழுக்கியது. அவளே இறங்கிவந்து கையைப் பிடித்தாள். காய்ப்பு ஏறிய கை.

"இப்படித்தானுங்க ரொம்ப வருசத்துக்கு முந்தி ஒரு சாரு வந்தாரு" என்றாள், கையை விடாமலே. "கையில தார் டப்பா, தோள்ல பையி. அந்தக் கரையிலயே நின்னாரு. நானு இதே மாதர வாங்க சார்னு கூப்புட்டேன். அன்னைக்குக் கணுக்கால் தண்ணிகூட இல்லீங்க. அவரு பாட்டுக்கு ஒரு காயிதத்தைப் பாத்துக்கிட்டே நின்னாரு. மடிச்சு சட்டை சோப்புக்குள்ள வெச்சாரு. திரும்பிப் போயிட்டாரு."

"என்ன காகிதமாம்?"

"எனக்கென்னங்க தெரியும்? ஆனா அழுதாரு. ஆம்பள அழுதா தூரத்துலயே தெரியுமுங்களே. பாவம், ஊட்ல ஆரோ செத்துப்போயிட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். அதனால சத்தம் போடல."

கரை ஏறியதும் கையை விட்டாள். "உங்களாட்டந்தான் ஒசரம்" என்றாள். அவ்வளவுதான். முன்னால் நடந்தாள்.

வீடு வீடாக எண்ணினேன். நாற்பத்தாறு வீடுகள். ஒரு நிலைப்படியிலும் தார் எண் இல்லை. கடைசி வரிசைக்கு வரும்போது 198. என் மனது எதை வேண்டியது என்று எழுத மாட்டேன். கடைசி வீட்டில் நெருக்கியடித்து ஒரு கூட்டுக் குடும்பம், பதினொரு பேர். ஒவ்வொருவராக வெளியே வந்து, வரிசையில் நின்று, தங்கள் பெயரைச் சொன்னார்கள். யாரும் கேட்காமலே அப்பன் பெயரையும் சொன்னார்கள். ஒருவன் தன் பெயரை நான் எழுதுவதை எட்டிப் பார்த்து, "கொம்பு நல்லா போடுங்க சார்" என்றான்.

மொத்தம் 209.

களி போட்டார்கள். எந்த வீட்டில் சபாபதி சாப்பிட்டானோ தெரியவில்லை.

ஜூலை 25, வெள்ளி

வக்கீல் பேசினார். பதவி உயர்வுப் பட்டியல் ஆகஸ்ட் பத்துக்குள் வந்துவிடுமாம். "இந்த நேரத்துல மேல ஏதாவது மெமோ கிமோ வராம பாத்துக்குங்க சார். 17-பின்னு ஒழுங்கு நடவடிக்கை ஒண்ணு வந்தா பேரை எடுத்துடுவாங்க, நான் பதினோரு வருஷம் ஓடுனது வீண்."

ஜூலை 27, ஞாயிறு

கலாவைக் கூப்பிட்டேன். ஊஞ்சக்காடு விஷயத்தை முழுவதும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"அந்த லெட்டர் வந்தன்னைக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னீங்க, ஞாபகமிருக்குதுங்களா?"

"என்ன சொன்னேன்?"

"என்னை ஒருத்தனும் மனுசனா எண்ணலைன்னு சொன்னீங்க."

குழந்தை பின்னால் ஏதோ உளறியது. அதற்கு அவள் பதில் சொன்னாள், எனக்கல்ல. பிறகு வைத்துவிட்டாள்.

ஜூலை 29, செவ்வாய்

திருத்தப் படிவத்தில் 'பிழைக்கான காரணம்' என்ற கட்டத்துக்கு வரைவு எழுதினேன். முதல் வரைவு ஒன்றரைப் பக்கம்: மலைச்சரிவு, சிதறிய குடியிருப்பு, போக்குவரத்து வசதியின்மை, போதிய பயிற்சியின்மை. படித்துப் பார்த்தால் பழைய கையேட்டைப் போலவே இருக்கிறது, பதினான்கு கிலோமீட்டர் கடற்கரை. கிழித்தேன். இரண்டாவதில் நேர்காணலில் எனக்கு நடந்த அநியாயம் ஒரு பக்கம். கிழித்தேன். மூன்றாவதில் சபாபதியின் பெயர் நான்கு முறை. கிழித்தேன்.

குப்பைக்கூடையைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

கடைசி நாள். காலை முழுவதும் வேறு வேலை செய்தேன். கடற்கரையை நீக்கினேன். ஏரிகள், மண்வகை, சராசரி மழையளவு. மூன்று மணிக்கு ஈரம்மாள் மஞ்சள் பையுடன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளைப் பூங்கோதையிடம் கொடுத்தேன். கையெழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சார், ஹெச்.எம். ஆர்டர் வருதுன்னீங்களே" என்றாள் மெதுவாக.

"படிவத்தை எடுங்க."

எடுத்தாள். நான் பேனாவைத் திறந்து கட்டத்தின் அகலத்தைப் பார்த்தேன்.

"அதுல ஒரு வரிதான் புடிக்குமுங்க சார்" என்றாள்.

ஒரு வரிதான் எழுதினேன். 'நான் அந்தப் பள்ளத்தைத் தாண்டவில்லை.'

'பிழைக்குப் பொறுப்பானவர்' என்ற இடத்தில் பெயர், பதவி, பள்ளி முகவரி. கையெழுத்து. முத்திரை குத்தும்போது நாலரை மணி.

ஈரம்மாளிடம் நகலைக் கொடுத்தாள் பூங்கோதை. அவளுக்கு எழுத்து தெரியாது. எந்த இடத்தில் 209 இருக்கிறது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். என் கையெழுத்தின்மேலும் வைத்தாள்.

"அன்னைக்கு ஆரு சாமி செத்தது?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லை" என்றேன்.

"அப்ப சரி" என்று பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மன்னிப்பு, நிம்மதி என்றெல்லாம் கதைகளில் எழுதுவார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. வயிறு சரியில்லை. பூங்கோதை மோர் கொடுத்தாள். சான்றிதழைக் கூடத்துச் சுவரிலிருந்து கழற்றினேன். அது இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. அந்த வெள்ளையைப் பார்க்கச் சான்றிதழைவிட எரிச்சலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. என் திருத்தப் படிவம் அதற்கு முன்பே அங்கே போய்விட்டதாம்.

நடைபாலப் பட்டியலும் அதே தபாலில் வந்தது. வரிசை எண் 11, ஊஞ்சக்காடு. கட்டுவார்களா, கட்டினாலும் நிற்குமா, அந்த ஒப்பந்தக்காரனையும் அவன் சிமெண்டையும் நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. போய்ப் பார்க்க வேண்டும். மணலை அளக்க எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

17-பி குறிப்பாணை வந்தது. என் வீட்டுக் கதவு எண்ணைச் சரியாகப் போட்டிருந்தார்கள்.